பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு ஆண்டுகள்

1998 பிப்ரவரி 28 தேதியிட்ட 'தி லான்செட்' மருத்துவ ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் இணைந்து எழுதிய கட்டுரை அது. குடல் அழற்சியும் வளர்ச்சிப் பின்னடைவும் சேர்ந்து காணப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி அது பேசியது. அவர்களுள் எட்டுக் குழந்தைகளிடம் இந்தப் பின்னடைவு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்குப் பிறகே தொடங்கியதாகப் பெற்றோர் அல்லது மருத்துவர் கருதினர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தடுப்பூசிக்கும் இந்நிலைக்கும் தொடர்பு இருப்பதை நிறுவவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டிருந்தது. எனினும் இதழின் தேதிக்கு இரு நாள்கள் முன்பு, பிப்ரவரி 26 அன்று மருத்துவமனையில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், மூன்று தடுப்பூசிகளையும் தனித்தனியே போடுவதே நல்லது என்று வேக்ஃபீல்ட் கூறினார். மக்கள் மனத்தில் பதிந்தது கட்டுரையின் எச்சரிக்கை வரியன்று, அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்ட சொல்தான்.

வேக்ஃபீல்டின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அவரை மீண்டும் ஒருமுறை கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அக்கட்டுரையை ஏற்று, அச்சிட்டு, பின்னர் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தன் பக்கங்களில் வைத்திருந்த இதழின் பொறுப்பு என்ன, அந்த இதழை உடைமையாகக் கொண்ட பதிப்பகத்தின் பொறுப்பு என்ன என்பதே இங்கு நாம் பார்க்க விரும்புவது. பொய் சொன்னவரைப் பற்றி நூல்கள் வந்துவிட்டன. பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்தவரைப் பற்றி அத்தனை பேச்சு இல்லை.

லான்செட் எளிய ஏடு அன்று. 1823-இல் தாமஸ் வேக்லி என்னும் அறுவை மருத்துவர் அதைத் தொடங்கியபோது, இலண்டன் மருத்துவமனைகளின் உறவுமுறை நியமனங்களையும் திறமையின்மையையும் தோலுரிப்பதே அதன் வேலையாக இருந்தது. அதற்காக வழக்குகளைச் சந்தித்தவர் அவர். 1991-இல் அந்த ஏடு நெதர்லாந்தின் எல்செவியர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இராபர்ட் மாக்ஸ்வெல்லின் பெர்கமான் பதிப்பகத்தையும் எல்செவியர் அதே ஆண்டில்தான் வாங்கியது. இந்த ஆண்டை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆய்விதழ் என்பது அறிஞர் கழகங்களின் சேவை என்ற நிலையிலிருந்து, பெரும் இலாபம் ஈட்டும் தொழில் என்ற நிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கட்டுரையை எழுதுபவருக்கு ஊதியமில்லை, அதைப் படித்து மதிப்பிடும் சக அறிஞருக்கும் ஊதியமில்லை, ஆனால் நூலகம் சந்தா செலுத்தியாக வேண்டும். உலகில் வேறெந்த வணிகத்திலும் மூலப்பொருளும் தரப் பரிசோதனையும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

இந்த ஏற்பாட்டின் நடுவே நிற்பது சக ஆய்வாளர் மதிப்பீடு என்னும் முறை. இரண்டு மூன்று வல்லுநர்கள் கட்டுரையைப் படித்து, முறையியல் சரியா, முடிவு தரவிலிருந்து பெறப்படுகிறதா என்று கருத்துச் சொல்வார்கள். நோயாளியின் பதிவேட்டை அவர்கள் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதுமில்லை. எழுதியவர் உண்மை சொல்கிறார் என்ற அனுமானத்தில்தான் முழு மாளிகையும் நிற்கிறது. ஹதீஸ் கலையை ஓரளவேனும் அறிந்த நம் வாசகர்களுக்கு இது வியப்பாகத் தோன்றும். செய்தியின் வாசகத்தை ஆராய்வதோடு அறிவிப்பாளரின் நேர்மை, நினைவாற்றல், யாரை எப்போது சந்தித்தார் என்பதையெல்லாம் தனித்தனியே ஆராய்ந்த மரபு நம்முடையது. குறையுள்ள அறிவிப்பாளரின் குறையை வெளிப்படுத்துவது புறம் பேசுவதாகாது, கடமையாகும் என்பதை இமாம் முஸ்லிம் தமது நூலின் முன்னுரையில் எடுத்து விளக்கியிருக்கிறார். மருத்துவ இதழ்களோ வாசகத்தை மட்டும் பார்த்து, அறிவிப்பாளரை அவருடைய மருத்துவமனையின் பெயரை வைத்து நம்பின.

அந்த நம்பிக்கை ஆபத்தானது என்று இங்கிலாந்தின் இதழாசிரியர்கள் அறியாமல் இருக்கவில்லை. 1994-இல் மகப்பேறு மருத்துவர் மால்கம் பியர்ஸ், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைக் கருப்பைக்குள் மாற்றி வைத்து நலமான குழந்தை பிறந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்படி ஒரு நோயாளியே இருக்கவில்லை. அக்கட்டுரையில் இணை ஆசிரியராகப் பெயர் கொடுத்தவர் யாரென்றால், அதை வெளியிட்ட ஆய்விதழின் தலைமை ஆசிரியரே. பியர்ஸும் அதே இதழின் துணை ஆசிரியர்களுள் ஒருவர். 1995-இல் பியர்ஸின் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இது போன்ற அதிர்ச்சிகளின் பின்னணியில் 1997-இல் சில இதழாசிரியர்கள் ஒன்றுகூடி, பதிப்பு நெறிமுறைகளுக்கென ஒரு குழுவை அமைத்தனர். இன்று உலகெங்கும் 'கோப்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமைப்பு அதுதான். அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் லான்செட்டின் தலைமை ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன். வேக்ஃபீல்டின் கட்டுரை அவருடைய இதழில் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு.

கட்டுரையை வெளியிட்டபோதே அதன் பலவீனம் ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதே இதழில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிஞர்கள் இருவர் எழுதிய மறுப்புரையையும் சேர்த்தே வெளியிட்டனர். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இத்தடுப்பூசியைப் போட்டுள்ள நிலையில், 12 பேரை வைத்துக் காரண காரியத் தொடர்பு பேசுவது எவ்வளவு தவறானது என்று அவர்கள் விளக்கியிருந்தனர். நடுநிலை காத்தோம் என்று இதழ் சொல்லிக்கொள்ள அது உதவியிருக்கலாம். மறுப்புரையை எந்தத் தாய் படித்தார்? எந்த நாளேடு அதைத் தலைப்பில் போட்டது?

விளைவு மெல்ல வந்தது. 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு 92 பேர் எம்.எம்.ஆர். பெற்றிருந்தனர். 2003-04-இல் அது 80 ஆகச் சரிந்தது. தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்கு 95 பேர் தடுப்பூசி பெற்றிருக்க வேண்டும். அதே காலத்தில் மறுப்பு ஆய்வுகள் வந்துகொண்டே இருந்தன. 2002-இல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டறிந்தனர். அரை இலட்சம் அல்ல, ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆனால் 12 குழந்தைகளின் கதைக்கு முகம் இருந்தது. ஐந்து இலட்சத்துக்கு அது இல்லை.

2004 பிப்ரவரியில்தான் லான்செட்டின் உண்மையான சோதனை வந்தது. 'சண்டே டைம்ஸ்' வார ஏட்டுக்காக எழுதிவந்த பிரையன் டீர் என்னும் செய்தியாளர், பிப்ரவரி 18 அன்று இதழின் அலுவலகத்துக்குச் சென்று தாம் கண்டறிந்தவற்றை ஆசிரியர் குழுவின் முன் வைத்தார். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடரத் திட்டமிட்ட வழக்கறிஞரோடு வேக்ஃபீல்டுக்குப் பணத் தொடர்பு இருந்தது, அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து 55,000 பவுண்டு வந்திருந்தது, அக்குழந்தைகளுள் சிலர் அவ்வழக்கோடு தொடர்புடையவர்கள், நெறிமுறை ஒப்புதலிலும் ஐயம் உண்டு என்பவை அவற்றுள் சில. இவற்றுள் எதுவும் கட்டுரையில் சொல்லப்படவில்லை.

இதழ் என்ன செய்தது? குற்றஞ்சாட்டப்பட்ட ஆய்வாளர்களிடமும் அவர்கள் பணியாற்றிய அதே மருத்துவக் கல்லூரியிடமும் விளக்கம் கேட்டது. இரண்டே நாள்களில், பிப்ரவரி 20 அன்று அறிக்கை வெளியிட்டது. பண உறவை மறைத்தது தவறு, முன்பே தெரிந்திருந்தால் கட்டுரையை வெளியிட்டிருக்க மாட்டோம் என்றார் ஹார்ட்டன். நெறிமுறை தொடர்பான மற்றக் குற்றச்சாட்டுகளோ ஆதாரமற்றவை என்று ஒதுக்கப்பட்டன. கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. மார்ச் மாதத்தில் இணை ஆசிரியர்களுள் பத்துப் பேர், தடுப்பூசியைப் பற்றிய பொருள்கோளை மட்டும் விலக்கிக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டனர். ஆய்வின் உள்ளடக்கம் அப்படியே நின்றது.

நம் கணிப்பில் லான்செட்டின் பெரும்பிழை 1998-இல் நிகழ்ந்ததன்று, 2004-இல் நிகழ்ந்தது. ஏமாற்றப்படுவது எவருக்கும் நேரக்கூடியது. ஏமாற்றப்பட்டோம் என்று ஒருவர் ஆவணங்களோடு வந்து சொன்ன பின்பு, குற்றஞ்சாட்டப்பட்டவரிடமே தீர்ப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது வேறு வகை. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் இதை ஏற்காது. 12 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் தொடர்பற்ற மூன்றாம் தரப்பு ஒன்றிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லியிருந்தால், சில மாதங்களில் முடிந்திருக்கும் விவகாரம் இது.

அதற்குப் பதிலாக, மருத்துவர்களின் நடத்தையை விசாரிக்கும் பொது மருத்துவ மன்றத்திடம் பொறுப்பு சென்றது. அங்கு விசாரணை 2007 ஜூலையில் தொடங்கி 217 நாள்கள் நடந்தது. இதற்கிடையே 1996 முதல் வேக்ஃபீல்ட் அந்த வழக்கறிஞர்களிடமிருந்து பெற்ற ஊதியம் செலவுகள் நீங்கலாக 4,35,643 பவுண்டு என்பது 2006 இறுதியில் வெளியாயிற்று. தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்கு 1997 ஜூனிலேயே அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்ததும் தெரியவந்தது. தம் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த சிறுவர்களிடம் ஆளுக்கு ஐந்து பவுண்டு கொடுத்து இரத்தம் எடுத்ததும் விசாரணையில் வந்தது. 2010 ஜனவரி 28 அன்று மன்றம், வேக்ஃபீல்ட் நேர்மையற்று நடந்தார் என்று முடிவு கூறியது. ஐந்து நாள்கள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, லான்செட் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதத்தில் வேக்ஃபீல்டின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீதி கருதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரோடு தண்டிக்கப்பட்ட மூத்த மருத்துவர் ஜான் வாக்கர்-ஸ்மித் மேல்முறையீடு செய்தார். 2012-இல் உயர் நீதிமன்றம் அவர் மீதான முடிவை இரத்துச் செய்தது. வேக்ஃபீல்டின் பெயர் நீக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

மோசடி என்ற சொல்லை முதலில் அச்சிட்டது லான்செட் அன்று. அதன் போட்டி இதழான 'பிஎம்ஜே' 2011 ஜனவரியில் டீரின் தொடர் கட்டுரைகளை வெளியிட்டு, அதன் தலையங்கத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தியது. 12 குழந்தைகளும் தடுப்பூசிக்கு முன் இயல்பாக இருந்தனர் என்று லான்செட் கட்டுரை கூறியது. ஐவருக்கு முன்பிருந்தே வளர்ச்சி பற்றிய கவலை பதிவாகியிருந்தது. ஒன்பது பேருக்குப் பின்னடைவு வகை ஆட்டிசம் என்று கட்டுரை சொன்னது. அவர்களுள் மூவருக்கு ஆட்டிசமே இல்லை, ஒருவருக்கு மட்டுமே அது தெளிவாக இருந்தது. கட்டுரையில் கண்டபடி எந்தவொரு குழந்தையின் பதிவும் முழுதாக ஒத்துப்போகவில்லை. இதை வெளியிட்ட பிஎம்ஜே நிறுவனமும் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனங்களிடமிருந்து விளம்பர வருவாய் பெறுவதைக் குறிப்பிடத் தவறி, பின்னர் திருத்தம் வெளியிட நேர்ந்தது. வெளிப்படைத்தன்மையைப் பிறருக்குப் போதிப்பது எளிது.

இனி உடைமையாளரைப் பற்றி. ஆசிரியர் குழு தன்னுரிமை உடையது, நாங்கள் தலையிடுவதில்லை என்பது பதிப்பகங்களின் வழக்கமான மறுமொழி. ஆசிரியரின் தன்னுரிமை விலைமதிப்பற்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் முறைகேட்டை விசாரிக்க ஆள், நேரம், பணம் ஒதுக்குவது ஆசிரியரின் தன்னுரிமையில் தலையிடுவதாகாது. அதைச் செய்யாமலிருப்பதே வணிக முடிவு. எல்செவியர் வேறு வகையிலும் இதைக் காட்டியது. அதன் ஆஸ்திரேலிய அலுவலகம் 2000-க்கும் 2005-க்கும் இடையில், மருந்து நிறுவனங்களின் பணத்தில், மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழ் போலவே தோற்றமளித்த ஆறு வெளியீடுகளை அச்சிட்டது. எலும்பு மூட்டு மருத்துவ இதழ் என்ற பெயர் தாங்கிய ஒன்று, மெர்க் நிறுவனத்தின் பணத்தில் அதன் மருந்துகளுக்குச் சாதகமான கட்டுரைகளை மறுபதிப்புச் செய்தது. 2009-இல் நீதிமன்ற வழக்கு ஒன்றின் வழியாக இது வெளியானபோது நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. மருந்துக் கடைப் பிரசுரத்துக்கு ஆய்விதழின் அட்டை போட்டுக் கொடுத்தவர்கள், அட்டையின் மதிப்பு என்ன என்பதை நன்கு அறிந்தவர்களே.

2020-இல் லான்செட் மீண்டும் சறுக்கியது. மே 22 அன்று, ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளின் 96,032 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்ததாகக் கூறிய கட்டுரை வெளியானது. ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்து உயிருக்கு ஆபத்து என்றது அது. மூன்று நாள்களில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அம்மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. தரவை வழங்கியதாகச் சொன்ன சர்ஜிஸ்ஃபியர் என்னும் சிறு நிறுவனம், அந்தத் தரவை எவருக்கும் காட்ட மறுத்தது. வெளியிலிருந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர், 'கார்டியன்' நாளேடு துருவியது, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இம்முறை 13 நாள்களே. அம்மருந்து பின்னர் வேறு முறையான சோதனைகளில் பயனற்றது என்றே கண்டறியப்பட்டது. ஆயினும் பொய்த் தரவு கொண்டு சொன்ன சரியான முடிவும் பொய்ச் சாட்சிதான். அதன் பின், ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மூலத் தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று லான்செட் விதி வகுத்தது. இந்த விதியை 1998-இல் வகுத்திருக்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

இன்றைய நிலை இன்னும் பெரிது. வைலி பதிப்பகம் 2021-இல் ஹிந்தாவி நிறுவனத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கு சந்தா இல்லை, கட்டுரை எழுதுபவரிடமே கட்டணம் வாங்கப்படும். கட்டுரை கூடக் கூட வருவாய் கூடும். 2023-இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் 'ஆலை'களின் சரக்கு அவற்றுள் பெரும்பங்கு. இறுதியில் வைலி அந்தப் பெயரையே கைவிட்டது. வேக்ஃபீல்ட் ஒரு தனிமனிதர். இது மொத்த வியாபாரம்.

இவையெல்லாம் இலண்டனில், நியூயார்க்கில் அறிஞர்களுக்குள் நடக்கும் வழக்கு என்று நாம் நினைத்தால், மினியாபொலிஸ் நகரைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்த சோமாலிய முஸ்லிம்கள் பல்லாயிரவர் அங்கு வாழ்கின்றனர். தட்டம்மை பிள்ளைகளைக் கொல்வதைச் சொந்த மண்ணில் கண்டவர்கள் அவர்கள். தடுப்பூசிக்கு முதலில் முந்திக்கொண்டவர்களும் அவர்களே. 2004-இல் மினசோட்டாவின் சோமாலியக் குழந்தைகளுள் நூற்றுக்கு 92 பேர் எம்.எம்.ஆர். பெற்றிருந்தனர். 2008 அளவில், தங்கள் பிள்ளைகள் சிறப்புப் பள்ளிகளில் அதிக எண்ணிக்கையில் இருப்பதைப் பெற்றோர் கவனித்தனர். ஆட்டிசத்துக்குச் சோமாலிய மொழியில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. தாயின் கேள்விக்கு மருத்துவரிடம் விடையில்லாத இடத்தில், விடையோடு வந்தவர் வேக்ஃபீல்ட். 2010-லும் 2011-லும் குறைந்தது மூன்று முறை அவர் அங்குச் சென்று பெற்றோரைச் சந்தித்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, பெயரும் பதிவேட்டிலிருந்து நீங்கிய காலம் அது. ஆனால் 12 ஆண்டுகள் உலகின் தலைசிறந்த மருத்துவ இதழில் இருந்த கட்டுரைக்குக் கிடைத்த மரியாதை ஒரு மாதத்தில் கரைந்துவிடாது. பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகம் கணக்கெடுத்தபோது, சோமாலியக் குழந்தைகளிடமும் வெள்ளையினக் குழந்தைகளிடமும் ஆட்டிசம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தது தெரிந்தது. சோமாலியக் குழந்தைகளிடம் அது அறிவுத்திறன் குறைபாட்டோடு சேர்ந்து, கடுமையாக இருந்தது. பெற்றோரின் கண்ணீர் பொய்யன்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

2014-இல் அங்குத் தடுப்பூசி விகிதம் 42-க்கு வீழ்ந்தது. 2011-இல் கென்யாவிலிருந்து திரும்பிய குழந்தை ஒன்றிடமிருந்து தட்டம்மை பரவி 21 பேரைத் தொட்டது. 2017-இல் 75 பேர் நோயுற்றனர், அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் சோமாலியக் குடும்பத்தினர். உயிரிழப்பு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பள்ளிவாசல் இமாம்கள் சுகாதாரத் துறையோடு இணைந்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுமாறு எடுத்துரைத்தனர். அதே 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளை நம் மஹல்லாக்களிலும் பலர் நினைவில் வைத்திருப்பர்.

அந்தக் கட்டுரை இன்றும் லான்செட்டின் இணையதளத்தில் கிடைக்கிறது. அதன் ஒவ்வொரு பக்கத்தின் மீதும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சொல் சிவப்பு நிறத்தில் குறுக்காக அச்சிடப்பட்டிருக்கிறது. மினசோட்டாவில் 2022-இலும் 2024-இலும் தட்டம்மை மீண்டும் பரவியது. பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தடுப்பூசி போடப்படாத சோமாலியக் குழந்தைகள். 1998-இல் அவர்களுள் எவரும் பிறந்திருக்கவில்லை.